ஏர் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப்: வெறும் நாலு எக்ஸா, 3-9ஆ, வளையம் வைத்த 3-9ஆ?

மெரினாவில் பலூன் சுட்டதைத் தவிர துப்பாக்கியைக் கையில் தொட்டதில்லை. நாற்பத்தாறு வயதில் ஆசை வந்து, போன வருடம் ஒரு ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள் வாங்கினேன். குழலை மடக்கி இழுத்து, .177 பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, போட்டுச் சுடுகிற ரகம். (0.177 அங்குலக் குழல், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாதது என்றால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். அதற்காகப் புறா, கொக்கு என்று கிளம்பிவிடாதீர்கள். பறவைகளைச் சுடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நான் பேசுவது முழுக்க அட்டை இலக்கைப் பற்றித்தான்.)

அடுத்த எட்டு மாதத்தில் மூன்று ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கி) மாற்றினேன். மூன்றாவதில் நிற்கிறேன். இனி வாங்கப் போகிறவர் முதல் இரண்டுக்கும் தண்டம் அழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலாவது, துப்பாக்கியோடு சேர்த்துத் தள்ளிவிட்ட 4×32. நாலு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 32 மில்லிமீட்டர், ஜூம் கிடையாது. இரண்டாவது 3-9×40. மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை திருகலாம். மூன்றாவதும் அதே 3-9×40தான். ஆனால் முன் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. இலக்கின் தூரத்துக்கு ஏற்ப அதைத் திருப்பி வைக்கலாம். கடையில் இதை ஏ.ஓ. என்பார்கள். விலை இரண்டாவதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

கண்ணாடித் தெளிவு, வெளிச்சம் எல்லாம் பகல் நேர ரேஞ்சில் பெரிய விஷயமே இல்லை. 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4. அதாவது ஒன்பது மடங்கிலும் கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றை 4.4 மில்லிமீட்டர் அகலம். பகலில் கண்மணி அவ்வளவு விரியாது. ஆகவே 50 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினால் பிரகாசமாக இருக்கும் என்று யாராவது சொன்னால், கழுத்து வலி இலவசம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். டரட்டில் (குறியை நகர்த்தும் குமிழில்) ஒரு க்ளிக் கால் எம்.ஓ.ஏ.; ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 25 மீட்டரில் அது 1.8 மில்லிமீட்டர். மூன்றுக்கும் இதேதான்.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஆறாம் வகுப்பு அறிவியலில் "இடமாறு தோற்றப் பிழை" படித்திருப்போம். அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும், கண்ணை நேர் மேலே வைத்துப் பார்க்க வேண்டும் என்று படம் போட்டிருப்பார்கள். அதே பிழைதான் ஸ்கோப்புக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. இலக்கின் பிம்பம் ஓரிடத்தில் விழுகிறது, குறி வைக்கும் சிலுவைக்கோடு இன்னோர் இடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே தளத்தில் இல்லையென்றால், கன்னத்தை ஒரு நூல் நகர்த்தினாலும் சிலுவை இலக்கின் மேல் நீந்தும். எந்தத் தூரத்தில் இரண்டும் ஒன்று சேர வேண்டும் என்பதை, வளையம் இல்லாத ஸ்கோப்பில் தொழிற்சாலையிலேயே பூட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் 100 கெஜத்துக்கு. பெரிய துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது சரி. நாம் சுடுவது 10 மீட்டர், மிஞ்சிப் போனால் 25.

இதை எனக்குக் காட்டியவர் எங்கள் கிளப் கோச். நான் பெல்லட் டப்பாவைத் திறந்தேன். "சுடாதீங்க சார், சும்மா தலைய ஆட்டிப் பாருங்க" என்றார். பழைய ஜீன்ஸின் கால் பகுதியை வெட்டி, மணல் நிரப்பித் தைத்த மூட்டை ஒன்று என்னிடம் உண்டு. உள்ளே பெல்லட் இல்லை என்று அவரிடம் காட்டிவிட்டு, துப்பாக்கியை அதன் மேல் அழுத்திக் கிடத்தினேன். பூட்டிய 3-9, ஒன்பது மடங்கு, 10 மீட்டர். சிலுவையை இலக்கின் நடுவில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். துப்பாக்கியைத் தொடாமல் கண்ணை மட்டும் மெல்ல இடப்பக்கம் நகர்த்தினேன். சிலுவை நடுவிலிருந்து கிளம்பி எட்டாம் வளையம், ஏழு, ஆறு என்று நடந்து ஐந்தைத் தொட்டது. அதற்கு மேல் பார்வை ஓரத்தில் இருட்டிவிட்டது. வலப்பக்கமும் அதே கதை. துப்பாக்கி அசையவே இல்லை.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. ஐந்தாம் வளையம் 25.5 மில்லிமீட்டர் விட்டம். அப்படியானால் நடுவிலிருந்து ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் தள்ளி நின்றது சிலுவை. கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துவருகிறது. முன் லென்ஸில் பாதி 20 மில்லிமீட்டர். 100 கெஜம் என்பது 91 மீட்டர், அதற்கும் 10 மீட்டருக்கும் வித்தியாசம் 81. இருபதை 81ஆல் பெருக்கி 91ஆல் வகுத்தால் 18 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மோசமான பட்சத்தில் அவ்வளவு போகலாம். கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைக்கப் பழகியவருக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நான் பழகியவன் இல்லை.

இது பாதிதான். மீதி இன்னும் எரிச்சலானது. பூட்டிய 3-9இல் 10 மீட்டரில் ஒன்பது மடங்கு வைத்தால் இலக்கு பால்கோவா மாதிரி கலங்கித் தெரிகிறது. ஆறில் பரவாயில்லை. நாலில்தான் வளையங்களை எண்ண முடிகிறது. அதாவது ஒன்பதுக்குக் காசு கொடுத்துவிட்டு நாலில் ஓட்டுகிறோம். நாலுதான் என்றால் முதலில் வந்த இலவச ஸ்கோப்பே போதுமே!

பின்பக்கக் கண்வில்லையைத் திருகினால் தெளிவாகுமே என்று தோன்றும். நானும் ஒரு வாரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அது சிலுவையை உங்கள் கண்ணுக்குக் கூர்மையாக்குவதற்கு. வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிட வேண்டும். இலக்குக்காக அதைத் திருகினால் சிலுவை மங்கும், நீந்துவது மட்டும் நிற்காது.

வளையம் வைத்ததை அதே மணல் மூட்டையில் வைத்து, வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் இலக்கு பளிச்சென்று வந்தது. தலையை ஆட்டினேன். சிலுவை ஒன்பதாம் வளையத்தை விட்டு நகரவில்லை. பிறகு சுட்டும் பார்த்தேன். ஒரே டப்பா பெல்லட், 10 மீட்டர், ஐந்து ஐந்தாக நான்கு அட்டை. பூட்டிய ஸ்கோப்பில் துளைகளின் பரவல், மையத்துக்கு மையம், 14 முதல் 17 மில்லிமீட்டர். வளையம் உள்ளதில் 8 முதல் 11. சுடச் சுடக் கை பழகியதால்கூட இப்படி வந்திருக்கலாம் என்று, மறுநாள் பழையதைத் திரும்ப மாட்டி இன்னும் இரண்டு அட்டை சுட்டேன். 15, 16. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஜீரோ பிடிக்கவே (சிலுவை நிற்கும் இடத்திலேயே பெல்லட் விழும்படி சரிசெய்யவே) இருபது பெல்லட் போனது தனிக் கணக்கு.

25 மீட்டரில் இந்த இடைவெளி சுருங்கிவிட்டது. என் கைத்தடுமாற்றமே அங்கே 25 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. எந்த ஸ்கோப்பின் பிழை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என் சுடும் திறன் போதாது. ஜூமை மூன்றிலிருந்து ஒன்பதுக்கு மாற்றும்போது பெல்லட் விழும் இடம் நகர்கிறதா என்றும் பார்த்தேன். மலிவு ஸ்கோப்களில் அது நடக்கும். என்னுடையதில் நகர்ந்திருந்தாலும் அந்தப் பரவலுக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. இருபது க்ளிக் வலம், இருபது மேல், இருபது இடம், இருபது கீழ் என்று சதுரம் கட்டிப் பார்க்கும் சோதனையில் இரண்டு 3-9உமே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பின.

வாங்குமுன் வளையத்தில் உள்ள மிகச் சிறிய எண்ணைப் பாருங்கள். சிலவற்றில் அது 10 கெஜம், சிலவற்றில் 15. பதினைந்து கெஜம் என்றால் 13.7 மீட்டர். அதை வாங்கினால் 10 மீட்டர் லேனில் மறுபடியும் பால்கோவாதான். எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். என்னுடையதில் 10 மீட்டர் இலக்கு தெளிவாவது 13 கெஜக் கோட்டுக்குப் பக்கத்தில்.

ஸ்ப்ரிங் துப்பாக்கிக்காரர்களுக்கு இன்னொன்று. இது பின்னால் உதைத்துவிட்டு, பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னாலும் வெட்டி இழுக்கும். பின் உதையை மட்டும் எண்ணிச் செய்த ஸ்கோப்பின் உள்ளே இருப்பவை கழன்றுவிடும். எனக்கு வந்த 4×32இல் முந்நூறு பெல்லட்டுக்குள் சிலுவை சாய்ந்து பெருக்கல் குறி மாதிரி ஆகிவிட்டது. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுன்ட்டும் துப்பாக்கி மேலுள்ள தண்டவாளத்தில் நாலு மில்லிமீட்டர் பின்னால் ஊர்ந்திருந்தது. தடுப்பு ஆணி உள்ள ஒற்றைத் துண்டு மவுன்ட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

அதற்காக நாலு எக்ஸைத் தள்ளிவிடவும் மனமில்லை. கிளப்பில் எனக்கு இளையவர் ஒருவர், தோட்டத்தில் தேங்காய் மட்டையில் சோடா மூடியை ஒட்டி வைத்துச் சுடுபவர். "நாலு எக்ஸே போதுங்ண்ணா. இத்தன திருகுறதுக்குள்ள நான் பத்து மூடி அடிச்சுருவேனுங்க" என்கிறார். அடிக்கவும் செய்கிறார். எடை குறைவு, திருக ஒன்றுமில்லை, கெட்டுப்போகவும் அதிகமில்லை. அட்டையில் மில்லிமீட்டர் எண்ணாதவருக்கு, உதையைத் தாங்கும் நல்ல 4×32 போதும். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஸ்கோப்பே வேண்டாம். ஒலிம்பிக் முறை 10 மீட்டரில் தொலைநோக்கி அனுமதி கிடையாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் எடுத்தது துளைக்குறியில் பார்த்துத்தான்.

வளையத்தின் குறைகளும் உண்டு. குழலின் பக்கம் கையை நீட்டித் திருப்ப வேண்டும். அதற்குள் பிடித்து வைத்திருந்த நிலை கலைந்துவிடும். தூரம் மாறும்போது திருப்ப மறந்துவிட்டு, காற்றைக் குறை சொன்னதும் நடந்திருக்கிறது. நகரும் பாகம் அதிகம் என்பதால் ஸ்ப்ரிங் உதைக்கு எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. என்னிடம் இதுவரை ஆயிரத்து இருநூறு பெல்லட் தாங்கியிருக்கிறது. பக்கவாட்டில் திருகு வைத்த 6-24×50 ஒன்றை நண்பரிடம் வாங்கி ஒரு காலை மட்டும் பார்த்தேன். 24 மடங்கில் என் நாடித்துடிப்பே இலக்கில் தெரிந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஏறக்குறைய உதையே இல்லாத பி.சி.பி. துப்பாக்கியோடு (அழுத்திய காற்றை முன்பே நிரப்பி வைத்துச் சுடும் ரகம்) இந்த மூன்றையும் பொருத்திப் பார்த்ததுமில்லை.

இப்போது என் ஸ்கோப் வளையத்தைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன். கம்பெனி எண்களுக்கு மேலே பென்சிலில் என் கோடுகள்: 10, 18, 25. பதினெட்டு என்பது எங்கள் மொட்டை மாடியின் நீளம். ஐம்பதுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அந்த லேன் காலியாக வேண்டும் என்று மூன்று ஞாயிறாகக் காத்திருக்கிறேன்.