கண்டீரவா சீசன் டிக்கெட்: பத்தாம் இடத்தில் முடிந்த ஆண்டும் கடைசியில் வந்த ஒரு வெற்றியும்

பெங்களூரு எஃப்சி கால்பந்து அணி கண்டீரவா மைதானத்தில் ஆடும் ஹோம் ஆட்டங்களை சீசன் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறவன் நான். அணி அன்றைய தேசிய லீக்கான ஐ-லீக்கில் ஆடிய காலத்திலிருந்தே இந்தப் பழக்கம். "நல்லா ஆடுற வருஷம் சரி, மோசமா ஆடுற வருஷம் காசு வீணாகிடாதா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. அதற்குப் பதில் சொல்ல, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற 2018-19 ஆண்டை எடுத்துக்கொண்டு பிரயோஜனமில்லை. 2023-24 ஆண்டைத்தான் எடுக்க வேண்டும். 22 ஆட்டங்களில் 5 வெற்றி, 7 டிரா, 10 தோல்வி. 12 அணிகளில் பத்தாம் இடம். அந்த ஐந்து வெற்றிகளில் ஒன்று, 2024 மார்ச் 2 அன்று கேரளா பிளாஸ்டர்ஸை 1-0 என்று ஜெயித்தது. அதை நினைத்தால் சந்தோஷமும் வருகிறது, கோபமும் வருகிறது. எதுவும் எதையும் குறைப்பதாக இல்லை.

முதலில், இந்த அணி ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். நான் அல்சூர்க்காரன். இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்குக் கால்பந்து நேற்று வந்த ஆட்டமில்லை. கௌதமபுரத்துக்குப் போனால் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை நிற்கும். 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும், அவருக்குப் பின்னால் வந்த உலகநாதனும் பெங்களூரிலிருந்து கொல்கத்தா போய் மோகன் பகானுக்கு ஆடியவர்கள். நல்லா ஆடுற பையன் என்றால் கொல்கத்தாவுக்கு ரயிலேற வேண்டும், இல்லையென்றால் எச்ஏஎல், ஐடிஐ என்று ஏதாவது கம்பெனி டீமில் சேர்ந்து வேலையும் ஆட்டமுமாகக் காலம் தள்ள வேண்டும். என் பெரியப்பா இரண்டாவது வகை. ஊருக்கென்று ஒரு பெரிய அணி வரும், அதற்கு ஊரே சேர்ந்து கத்தும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

2013-இல் அது வந்தது. அசோக் நகர் கால்பந்து மைதானத்தில் ஆடி, முதல் ஆண்டிலேயே ஐ-லீக் சாம்பியன். 2016-இல் ஆசிய கிளப்களுக்கான ஏஎஃப்சி கோப்பை அரையிறுதியில், அப்போதைய சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியை கண்டீரவாவில் 3-1 என்று அடித்து இறுதிக்குப் போனது. இந்தியாவிலிருந்து அந்த இறுதிக்குப் போன முதல் கிளப் இதுதான். அன்று ராத்திரி பெரியப்பா வீடு திரும்புகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அந்த அளவுக்கு உயரம் காட்டிய அணி என்பதால்தான் 2023-24 அவ்வளவு வலித்தது. ஆரம்பத்திலிருந்தே சுமாராக ஆடுகிற அணியாக இருந்திருந்தால் பத்தாம் இடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

இனி டிக்கெட் விஷயம். போக்குவரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அல்சூரிலிருந்து மெட்ரோ பர்ப்பிள் லைனில் ஏறி கப்பன் பார்க்கில் இறங்கினால், மரங்களுக்கு நடுவே நடந்து கஸ்தூர்பா ரோடு பக்கம் போய்விடலாம். மைதானத்தின் பெரிய குறை, சுற்றிலும் ஓடுகிற தடகள டிராக். கண்டீரவா கட்டப்பட்டது தடகளத்தையும் மனதில் வைத்துத்தான், கால்பந்துக்கென்று மட்டும் அல்ல. அதனால் முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் பந்து தூரத்தில்தான் இருக்கும். வளைவுப் பக்கத்து ஸ்டாண்டில் டிக்கெட் மலிவு என்று எடுத்தால், எதிர்ப்பக்க கோல் முன்னால் நடப்பது பாதி புரியாது. கொஞ்சம் கூடக் கொடுத்து மேற்கு ஸ்டாண்ட் எடுங்கள். வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் ரசிகர்கள் நிற்கிற பக்கம் அதுதான். கன்னடமும் தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து, தொண்ணூறு நிமிஷமும் உட்காராமல் பாடுகிறவர்கள். அணி எப்படி ஆடினாலும் அந்த இடத்தில் கொடுத்த காசுக்குக் குறைவில்லை. உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் அந்தப் பகுதியிலிருந்து தள்ளி இடம் பிடியுங்கள். வார நாளில் ஏழரை மணிக்கு ஆட்டம் என்றால், ஒயிட்ஃபீல்டிலிருந்து வேலை முடித்து வருகிறவர்கள் முதல் கால் மணி நேரத்தை இழக்கத் தயாராக இருக்க வேண்டும்.

சரி, அந்த ஆண்டுக்கு வருவோம். முந்தைய சீசனில் தடுமாறி, பிறகு வரிசையாக எட்டு ஆட்டம் ஜெயித்து, இறுதி வரை போய் ஏடிகே மோகன் பகானிடம் பெனால்டியில் தோற்ற அணி இது. அப்புறம் ராய் கிருஷ்ணா போனார், சந்தேஷ் ஜிங்கன் போனார், ஆலன் கோஸ்டா போனார், நம் கண் முன்னால் வளர்ந்த உதாந்தா சிங்கும் கோவாவுக்குப் போனார். போனவர்கள் இடத்தை வந்தவர்கள் நிரப்பவில்லை. காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி நாராயணன் மேல்தான் எங்கள் தெருவுக்கே கண். 2022 டியூரண்ட் கோப்பை இறுதியில் கோல் போட்டவர், அந்த ஐஎஸ்எல் சீசனில் ஆறு கோல் அடித்தவர். அடுத்த ஆண்டு அந்த வேகம் அவரிடம் வரவில்லை. இளம் ஃபார்வர்ட் ஒருவனுக்குப் பின்னாலிருந்து பந்து ஒழுங்காக வந்து சேராதபோது அவனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பொறுமை எல்லா நேரமும் இருப்பதில்லை. அவர் பந்தைத் தவறவிட்டபோது எங்கள் பின்னாலிருந்து வந்த வார்த்தைகளை, கூட வந்திருந்த என் அக்கா பையன் கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

அடிமட்டம் டிசம்பர் 8. மும்பை சிட்டி கண்டீரவாவுக்கே வந்து 4-0 என்று அடித்துவிட்டுப் போனது. அதோடு கோச் சைமன் கிரேசன் விலகினார், பின்னால் ஜெரார்ட் சரகோசா வந்தார். தோற்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பந்து பறிபோன பிறகு நடந்து திரும்புகிற ஆட்டக்காரனைப் பார்ப்பதுதான் தாங்கவில்லை. அந்த டிராக்கைத் தாண்டி, அவ்வளவு தூரத்திலிருந்துகூட அது தெரிந்தது. ஐ-லீக் ஜெயித்து முதல் தடவையாக ஐஎஸ்எல்லுக்கு ஏறி வந்த பஞ்சாப் எஃப்சி கடைசியில் எட்டாம் இடம் பிடித்து நமக்கு மேலே நின்றது. பத்து வருஷத்துக்கு முன்னால் நாம் இருந்த இடத்தில் இப்போது அவர்கள்.

இப்படிப்பட்ட நிலையில்தான் மார்ச் 2 வந்தது, சனிக்கிழமை. கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டம் என்றாலே அவர்கள் ரசிகர்களின் மஞ்சள் சட்டையால் கண்டீரவா பாதி மஞ்சளாகிவிடும். பெங்களூரில் மலையாளிகள் எவ்வளவு பேர் என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரியும். போதாததற்கு இதற்குப் பின்னால் ஒரு கதை வேறு. 2023 மார்ச் 3, இதே மைதானம், பிளே ஆஃப். எக்ஸ்ட்ரா டைமில் 96-ஆவது நிமிஷம், அவர்கள் தடுப்புச் சுவராக வரிசை கட்டி முடிப்பதற்குள் நம் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் அனுப்பினார். அவர்கள் கோச் வுக்கோமனோவிச் தன் ஆட்டக்காரர்களை வெளியே கூப்பிட்டுக்கொண்டார், ஆட்டம் அப்படியே நின்றது. பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடை. அதற்கப்புறம் அவர்கள் கண்டீரவாவுக்கு வருவது இதுதான் முதல் தடவை, ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு. இந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே கொச்சியில் நம்மை 2-1 என்று ஜெயித்திருந்தார்கள். என் ஆபீஸில் பக்கத்து சீட் சேட்டன் ஒரு வாரமாகப் புள்ளிப்பட்டியலை எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அன்றைய ஆட்டம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடினார்கள். பந்து போனால் திரும்பி ஓடிப் பிடித்தார்கள். நடுக்களத்தில் ஒருவன் விழுந்தால் இன்னொருவன் அந்த இடத்துக்கு வந்தான். அந்த சீசனில் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். கோல் இல்லாமலேயே முடியப்போகிறது என்று நினைத்து, சிலர் மெட்ரோ கூட்டத்துக்குப் பயந்து படிக்கட்டில் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். 89-ஆவது நிமிஷத்தில் நம் ஜாவி ஹெர்னாண்டஸ் அடித்தார். என் இடத்திலிருந்து பந்து கோட்டைத் தாண்டியது தெரியவில்லை, முன்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். இடது பக்கம் நம் நீலம் மொத்தமாக எழும்பியது, மஞ்சள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதை வைத்துத்தான் கோல் என்று புரிந்தது. அக்கா பையன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "மாமா! மாமா!" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராமல் நின்றான். இறங்கிக்கொண்டிருந்தவர்கள் படிக்கட்டிலேயே திரும்பி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒரு கன்னடப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அந்தச் சந்தோஷம் முழுச் சந்தோஷம். பத்தாம் இடம், ஏழாம் இடம் எதுவும் அதில் கலக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். அவரும் டிவியில் பார்த்திருந்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது. ஆனால் அவர் கேட்டது இது: "இன்னைக்கு ஓடுன கால்தானேடா டிசம்பர்லயும் இருந்துச்சு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வராததற்குப் பாதிக் காரணம் கோல், மீதிப் பாதி அந்தக் கேள்வி. தோற்ற ஆட்டங்களுக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன்: நல்ல ஆள்கள் போய்விட்டார்கள், இருப்பவர்களால் இவ்வளவுதான் முடியும் என்று. இந்த வெற்றி அந்தச் சமாதானத்தைப் பிடுங்கிக்கொண்டது. முடிந்திருக்கிறது, செய்யவில்லை. மழையிலும் வார நாளிலும் வந்து கத்தியவர்களுக்கு அந்த ஓட்டத்தைக் காட்டாமல், எதிரி அணி வந்தால்தான் காட்டுவோம் என்றால் அது எங்களுக்குச் செய்கிற அநியாயம்.

அந்த ஆண்டு ஐஎஸ்எல் இருந்த அமைப்பும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்போது முதல் ஆறு இடம் பிடித்தால் பிளே ஆஃப். அதற்குக் கீழே ஏழாவதாக முடித்தாலும் பன்னிரண்டாவதாக முடித்தாலும் அடுத்த ஆண்டு அதே லீக்தான், கீழே இறக்கிவிடுவது அப்போது கிடையாது. கீழே விழுவோம் என்ற பயம் இருக்கிற லீக்கில், கடைசி மாதத்தில் வருகிற ஒரு வெற்றி அணியையே காப்பாற்றும். இங்கே முதல் ஆறுக்குள் முடிக்காத ஆண்டில் வந்த வெற்றிக்கு ரசிகனின் மனசைத் தவிர வேறெங்கும் மதிப்பில்லை. அதனால்தான் அதை ரசிகனுக்குக் கொடுத்த ஈடாகக் காட்டிக் கணக்கை முடித்துவிடுவது சுலபமாகிவிடுகிறது. "கேரளாவை ஜெயிச்சோம்ல, போதும்" என்று எங்கள் ஆட்களே சொல்லக் கேட்டேன். எனக்குப் போதவில்லை. ஏப்ரல் 7-இல் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலிடம் 2-1 தோல்வி. ஏப்ரல் 11-இல் கண்டீரவாவில் மோகன் பகானிடம் 4-0. டிசம்பரில் பார்த்த அதே ஸ்கோர், அதே மைதானம், அதே நடை.

அடுத்த ஆண்டு நிலைமை மாறியது. நொகேரா, எட்கர் மெண்டஸ், பெரேரா தியாஸ், பெட்ரோ காப்போ வந்தார்கள், ராகுல் பேக்கே திரும்பி வந்தார். முதல் ஆட்டத்திலேயே ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக வினித் வெங்கடேஷ் என்ற பெங்களூருப் பையன் வெற்றி கோல் அடித்தான். கௌதமபுரத்தில் அன்று பேச்சு முழுக்க அதுதான். சேத்ரி நாற்பது வயதில் 14 கோல் போட்டார். மும்பை சிட்டியை கண்டீரவாவில் 5-0 என்று அனுப்பிவைத்தார்கள், டிசம்பர் ராத்திரிக்கு வட்டியோடு. இறுதியில் மறுபடியும் மோகன் பகானிடம், எக்ஸ்ட்ரா டைமில் 2-1 என்று தோற்றார்கள். அந்தத் தோல்விக்கு எனக்குக் கோபமே வரவில்லை. கடைசி வரை ஓடினார்கள்.

மார்ச் 2 வெற்றிதான் இந்த மாற்றத்துக்கு விதை என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விதை டிசம்பரில் வாங்கிய அந்த 0-4. அணியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்று அதுதான் எல்லோருக்கும் காட்டியது. மார்ச் 2 வேறு ஒன்றைச் செய்தது: மோசமான ஆண்டின் நடுவில், எங்கள் அக்கா பையன் மாதிரிப் பிள்ளைகளை ஸ்டாண்டை விட்டுப் போகாமல் பிடித்து வைத்தது. அந்த வேலையை 5-0 வெற்றி செய்திருக்க முடியாது, அது வரும்போது அவன் வேறு எங்காவது இருந்திருப்பான்.

ஆகவே கேட்பவர்களுக்குச் சொல்வது இதுதான். ஜெயிப்பதைப் பார்க்க மட்டும் வருகிறீர்கள் என்றால் சீசன் டிக்கெட் வேண்டாம், பெரிய ஆட்டங்களுக்குத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர்ஸ் ஆட்டத்துக்கு மட்டும் முன்கூட்டியே எடுங்கள், இல்லையென்றால் மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே இடம் கிடைக்கும். அணி எப்படி இருந்தாலும் இது நம்ம ஊர் அணி என்று தோன்றுகிறவர்கள் மேற்கு ஸ்டாண்டில் எடுங்கள், வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் சேர்த்து இரண்டாக எடுங்கள். மோசமாக ஆடும்போது சும்மா இருக்காதீர்கள், சத்தமாகக் கேள்வி கேளுங்கள். கேட்கிற உரிமையும் அந்த டிக்கெட்டில் சேர்ந்ததுதான்.