உட்லண்ட்ஸில் ஓர் அரை நாள் பராமரிப்பாளர் வகுப்பு: கற்றுத் தந்ததும் கையில் தந்த கோப்பும்

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் மாமியார் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி ஏழு மாதங்கள் ஆன பிறகுதான், குடும்பப் பராமரிப்பாளர்களுக்கான வகுப்பு ஒன்றுக்கு நான் போனேன். அதுவரை அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்ததெல்லாம் என் முதுகின் பலத்தில்தான். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்து அறையில், சமூகநல அமைப்பு ஒன்று தமிழில் நடத்திய நான்கு மணி நேர வகுப்பு அது. பராமரிப்பாளர் பயிற்சி மானியம் போக நான் கட்டியது சிறு தொகைதான். ஆனால் கட்டணத்தைவிட இடமே எனக்கு முக்கியமாக இருந்தது. நகர்ப்பகுதிக்குப் போய்வரும் நேரத்தில் அத்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் கிடையாது.

வகுப்பை நடத்தியவர் ஓய்வுபெற்ற தாதி. எல்லோரும் அவரைச் சிஸ்டர் என்றே அழைத்தோம். வந்திருந்தவர்கள் எட்டுப் பேர். அவர் பாடத்தைத் தொடங்குவதற்கு முன், வீட்டில் எப்படித் தூக்குகிறோமோ அதை அப்படியே செய்து காட்டும்படி ஒவ்வொருவரையும் கேட்டார். நான் வழக்கம்போல் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார். பக்கவாதம் தாக்கிய பக்கத்தில் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்திருப்பதால், அங்கே கொடுக்கும் இழுப்பு மூட்டை நழுவச் செய்துவிடலாம் என்று அவர் சொன்னபோது, காலை நேரங்களில் அத்தை முனகுவதற்கு வயது மட்டுமே காரணம் அல்ல என்று உறைத்தது.

பிறகு அவர் சொல்லித் தந்த முறை எளிது. ஆனால் ஒரு படியும் விடுபடக் கூடாது. நாற்காலியை நோயாளியின் பலமான பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்த வேண்டும். பிரேக்கைப் போட்டு, கால்தாங்கிகளை விலக்கி, நோயாளியின் பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். இடுப்பில் கட்டிய பட்டையைத்தான் பிடிக்க வேண்டும், கையை அல்ல. மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை அவரை முன்னால் குனியச் செய்தால், பாதி எடையை அவருடைய கால்களே ஏற்றுக்கொள்கின்றன. நோயாளியாக நடிக்கும் முறை எனக்கு வந்தபோது, என்னைவிட ஒல்லியான ஒரு பெண் என்னை எழுப்பித் திருப்பி உட்கார வைத்துவிட்டார். அன்று மாலை வீட்டில் அதே முறையைச் செய்து பார்த்தேன். "இன்னைக்கு என்னம்மா, தோள் வலிக்கவே இல்ல?" என்று அத்தை கேட்டார். ஏழு மாதங்களாக அவர் அந்த வலியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

உணவு பற்றிய பகுதியும் அதே தரத்தில் இருந்தது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குத் திரவத்தைக் கெட்டிப்படுத்தும் மாவைக் கலந்து கொடுக்கிறோம். கலவை சரியான பதத்தில் இருக்கிறதா என்று நான் இதுவரை கரண்டியைச் சாய்த்துக் குத்துமதிப்பாகவே பார்த்து வந்தேன். சிஸ்டர் 10 மில்லிலிட்டர் சிரிஞ்சு ஒன்றை எடுத்து, நுனியை விரலால் அடைத்து, கெட்டியாக்கிய மைலோவை 10 மில்லி வரை நிரப்பி, விரலை எடுத்துச் சரியாகப் 10 விநாடிகள் எண்ணினார். 4 முதல் 8 மில்லி வரை உள்ளே மிஞ்சினால் அது கெட்டித்தன்மையில் இரண்டாம் நிலை. 8 மில்லிக்கு மேல் மிஞ்சினால் மூன்றாம் நிலை. யாருக்கு எந்த நிலை என்பதைப் பேச்சு சிகிச்சையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த நிலை நம் சமையலறையில் தவறாமல் கிடைக்கிறதா என்பதை இந்த ஐந்து வெள்ளி பெறாத கருவி காட்டிவிடுகிறது. எங்கள் வீட்டுப் பிரச்சினை மைலோ அல்ல, ரசம் என்று நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. மிளகும் பருப்பும் இல்லாமல் வடிகட்டி, வெதுவெதுப்பாகும்வரை ஆறவிட்டு, மாவைக் கலந்து சில நிமிடம் பொறுத்த பிறகே அளந்து பார்க்கும்படி சொன்னார். ரசத்தை நிறுத்திவிடச் சொல்லாமல் அதைக் கொடுக்க வழி சொன்ன முதல் சுகாதாரத் துறையினர் அவர்தான்.

குறைகளும் இருந்தன. திரையில் காட்டிய பக்கங்கள் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டவை. சிஸ்டரே அவற்றைப் பார்க்காமல்தான் பேசினார். படுக்கைப் புண் பற்றிய பகுதி கடைசிப் பத்து நிமிடங்களில் ஓடி முடிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையைப் பயன்படுத்தக் கூடாது என்ற இரண்டும் காதில் விழுந்தன. திருப்பிக் காட்ட நேரம் இருக்கவில்லை. இன்னொன்று, பராமரிப்பாளர் வகுப்புக்கு வந்திருக்கும் நேரத்தில் நோயாளியை யார் கவனிப்பது என்பதை ஏற்பாட்டாளர்கள் யோசிக்கவே இல்லை. என் கணவர் அரை நாள் விடுப்பு எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் அப்பாவைத் தனியே விட்டு வந்ததால், இடைவேளைக்குள் மூன்று முறை வெளியே போய்த் தொலைபேசியில் பேசினார்.

என் மனக்குறை முழுவதும் முடிவில் கையில் கொடுத்த கோப்பின் மீதுதான். ஆதரவுச் சேவைகள் பற்றிய பதினான்கு துண்டேடுகள் அதில் இருந்தன. எல்லாம் ஒரே கனம், ஒரே பளபளப்பு. எதை முதலில் படிப்பது, எந்தத் தாள் யாருக்குப் பொருந்தும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. தமிழும் வாசகரைத் தடுக்கிறது. 'ஓய்வுப் பராமரிப்பு' என்ற தலைப்பைப் பார்த்ததும், பணி ஓய்வு பெற்றவர்களுக்கான ஏதோ திட்டம் என்று எண்ணி அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டேன். பராமரிப்பவர் சற்று மூச்சுவிடுவதற்காக நோயாளியைத் தாதிமை இல்லத்தில் ஏழு முதல் முப்பது நாள்வரை தங்க வைக்கும் ஏற்பாடு அது. எங்கள் வீட்டுக்கு மிகத் தேவையாக இருந்த தாளே அதுதான்!

கோப்பு எனக்குப் பயன்பட்டதென்றால், அதற்குக் காரணம் அதைத் தயாரித்தவர்கள் அல்லர். கணவரை ஒன்பது ஆண்டுகள் கவனித்துக்கொண்ட ஓர் அக்கா, இப்போது தம் தாயாருக்காக வகுப்புக்கு வந்திருந்தார். நான் தாள்களைப் புரட்டித் தவிப்பதைப் பார்த்து, கோப்பைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மாமியார் எந்த வருஷம் பொறந்தவங்க?"

"1947, அக்கா."

"அப்ப இது வேணாம், தள்ளி வச்சிரு" என்று கேர்ஷீல்டு லைஃப் என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டின் துண்டேட்டை உருவி மேசைமேல் வைத்தார். 2020இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 1979 அல்லது அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம் என்றாலும், ஏற்கெனவே கடுமையான உடற்குறை ஏற்பட்டவர்கள் சேர முடியாது. ஆனால் 2002இல் வந்த எல்டர்ஷீல்டு என்ற முந்தைய காப்பீட்டில் அந்த வயதினர் விலகிக்கொண்டாலொழியத் தாமாகவே சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்றார் அவர். அது மாதம் 300 வெள்ளி அறுபது மாதங்களுக்கு, அல்லது பின்னர் வந்த திட்டமாக இருந்தால் 400 வெள்ளி எழுபத்திரண்டு மாதங்களுக்குக் கிடைக்கக்கூடியது. பதினான்கு துண்டேடுகளில் எல்டர்ஷீல்டு பற்றி ஒன்றுகூட இல்லை. அந்த அறையில் பேசப்பட்ட பெற்றோர்கள் எல்லோருமே எழுபதைக் கடந்தவர்கள்.

பிறகு அவர் கோப்பின் பின்னட்டையில் பேனாவால் வரிசையாக எழுதித் தந்தார். முதலில் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800-650-6060 எண்ணை அழைத்து, செயல்திறன் மதிப்பீட்டுக்கு ஏற்பாடு கேட்க வேண்டும். குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறைக்குப் போதல், நடமாடுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றுக்குப் பிறர் துணை தேவை என்று அந்த மதிப்பீடு சொன்னால், எல்டர்ஷீல்டுக்கும் வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கும் கதவு திறக்கும். மானியத்துக்குக் குடும்ப வருமான வரம்பும் உண்டு. குளியலறைக் கைப்பிடிகளுக்கும் வழுக்காத தரைக்கும் வீவகவின் ஈஸ் திட்டம். சிங்கப்பூரர்களுக்கு அதில் 95 விழுக்காடு வரை கழிவு. பணிப்பெண் வைத்திருந்தால், 67 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையவர் வீட்டில் இருப்பதைக் காட்டி, அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வையை 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறைத்துக்கொள்ளலாம். அவர் ஆறு வரிகளில் எழுதியது, கோப்பைத் தொகுத்தவர்களுக்குப் பதினான்கு வண்ணத் தாள்களிலும் கைகூடவில்லை.

வகுப்பை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். உடலால் செய்து பழக வேண்டிய ஒன்றை எந்தத் துண்டேடும் காணொளியும் இப்படிக் கற்றுத் தராது. நோயாளி வீடு திரும்பிய முதல் மாதத்திலேயே போய்விடுங்கள். தளர்வான உடையும் தட்டையான காலணியும் அணிந்து போங்கள். மருத்துவமனை கொடுத்த தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கருத்துப் படிவத்தில் நான் எழுதியது ஒன்றுதான்: கோப்பின் முதல் பக்கத்தில் நோயாளியின் பிறந்த ஆண்டைக் கேட்டு, அதற்கேற்ற தாள்களை மட்டும் உள்ளே வையுங்கள். அமைப்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அக்காவின் பின்னட்டையை நான் நகலெடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் புளோக்கில் இதுவரை மூன்று வீடுகள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டன.