பொங்கலுக்குள் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் சுவரைக் கொடுக்காதீர்கள்

போன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு விளம்பரப் படம் வந்தது. "வெள்ளம் புகுந்த வீடா? ஏழே நாளில் புதுசு! பத்து வருட வாரண்டி!" எங்களை ஏமாற்றிவிட்டுப் போனவர் சொன்ன நிறுவனப் பெயர் வேறு, போன் நம்பரும் வேறு. ஆனால் படத்தில் பளபளவென்று இருந்த சுவர் எங்கள் வீட்டு ஹால் சுவர். ஜன்னல் ஓரத்தில் மாமியார் காலண்டர் மாட்டும் வளைந்த ஆணிகூட அப்படியே தெரிகிறது. அதைப் பார்த்த பிறகும் சும்மா இருக்க மனசு வரவில்லை.

எங்களுடையது வேளச்சேரியில் தரைத்தள வீடு. 2015 வெள்ளத்தில் வாசல்படியோடு திரும்பிப் போன தண்ணீர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உள்ளேயே வந்துவிட்டது. 4-ஆம் தேதி காலையில் முழங்காலுக்கு மேல் நின்றது. மாடி வீட்டுக்காரர்கள் புண்ணியத்தில் நான்கு ராத்திரி அவர்கள் ஹாலில் படுத்தோம். இறங்கி வந்து பார்த்தபோது தரையில் சாக்கடைச் சேறு, அலமாரியின் பிளைவுட் ஊறப்போட்ட ரொட்டி மாதிரி உப்பியிருந்தது, சுவரில் சுற்றிலும் இரண்டடி நான்கு அங்குல உயரத்தில் பழுப்புக் கோடு. அந்த நிலைமையில் யார் வந்து "நான் பார்த்துக்கறேன் மேடம்" என்றாலும் சாமி மாதிரிதான் தெரிவார்கள்.

ஒருவர் வந்தார். லோகோ போட்ட டி-ஷர்ட், கையில் டேப், இன்னொரு கையில் இரண்டு ஊசி வைத்த ஒரு மீட்டர். அதைச் சுவரில் அழுத்தினார், பீப் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. "சுவர் ஃபுல்லா தண்ணி மேடம். மூணு கோட் கெமிக்கல் அடிச்சா ஈரத்தை உறிஞ்சி வெளியே தள்ளிடும். பொங்கலுக்கு நீங்க புது வீட்ல பால் பொங்கலாம்." மொத்தம் 1,10,000 ரூபாய், முன்பணம் 60,000. பணம் நிறுவனக் கணக்குக்குப் போகவில்லை, அவருடைய சொந்த யூபிஐக்குப் போனது. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா 18 பர்சன்ட் கூடும், உங்களுக்குத்தானே நஷ்டம்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 19,800 ரூபாய் மிச்சம். எனக்கும் ஆசைதான், ஒத்துக்கொள்கிறேன்.

முதல் நாளே ஒரு மினி லாரி வந்தது. நனைந்த சாமான்களை எல்லாம் இலவசமாக அள்ளிப் போடுவதாகச் சொன்னார். மெத்தை, ஃப்ரிட்ஜ், இரண்டு அலமாரியோடு மாமியாரின் தேக்குக் கட்டிலும் போய்விட்டது. தேக்குக்கு நான்கு நாள் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. கழுவி நிழலில் உலர்த்தியிருந்தால் போதும். அது குப்பைக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

அப்புறம் இரண்டு நாள் ப்ளோயர் ஓடியது. லேபிள் கிழித்த டின்களில் இருந்து எதையோ அடித்தார்கள். அதன் மேல் பட்டி பார்த்து, பிரைமர், எமல்ஷன். ஒன்பதே நாள். சுவிட்ச் போர்டுகளைக் கழற்றி, தலைமுடி உலர்த்தும் டிரையரைக் காட்டி, திரும்ப மாட்டினார்கள். கடைசியில் அதே மீட்டரைச் சுவரில் வைத்தார், பச்சை விளக்கு. நாங்கள் கைதட்டாத குறை.

அந்தப் பச்சை விளக்கை என் மகள் போனில் வீடியோ எடுத்திருந்தாள். ரொம்ப நாள் கழித்துத்தான் அதைப் பொறுமையாகப் பார்த்தேன். முதல் நாள் அவர் குனிந்து, முழங்கால் உயரத்தில் ஊசியைக் குத்தினார். கடைசி நாள் நேராக நின்றபடி, தோள் உயரத்தில் குத்தினார். தண்ணீரே ஏறாத இடம் அது. பச்சை எரியாமல் என்ன செய்யும்?

பொங்கலுக்குப் பால் பொங்கியது. ஜனவரி கடைசியில் சுவரும் பொங்கியது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை பெயின்ட் அப்பளம் பொரிந்த மாதிரி எழும்பி நின்றது. ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்தினேன், சொட்டுத் தண்ணீர் வழிந்தது. கூப்பிட்டதும் ஒருமுறை வந்தார். "சுவர் மூச்சு விடுது மேடம், நார்மல்தான்" என்று சொல்லி, சுரண்டி, திரும்பப் பட்டி பூசிவிட்டுப் போனார். பிப்ரவரியில், மின்கசிவு இருந்தால் கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி சுவிட்ச் அடிக்கடி விழ ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன் பிளக் பாயின்டைத் திறந்தால் உள்ளே காய்ந்த சேறு, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. குழந்தைகள் இருக்கிற வீடு. இதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மார்ச்சில் சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது, அரிசி மாவு தூவியது போல. போன் முதலில் அடித்தது, பிறகு பிஸி, பிறகு உபயோகத்திலேயே இல்லை. வாரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தேன். விலாசம் இல்லை, முத்திரை இல்லை. பொடி எழுத்தில் ஒரு வரி: "ஈரத்தால் ஏற்படும் பாதிப்புகளுக்கு இந்த வாரண்டி பொருந்தாது." ஈரத்துக்குத்தானய்யா உன்னைக் கூப்பிட்டதே!

மாடி வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த கொத்தனாரை அனுப்பினார். அறுபது வயதிருக்கும். மீட்டர் எல்லாம் கிடையாது. ஒரு இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு, சதுர அடி அளவுக்கு ஒரு பாலிதீன் தாளை வைத்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டினார். "ரெண்டு நாள் கழிச்சு வரேம்மா." மறுநாளே தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. இதற்கு ஐந்து ரூபாய்கூடச் செலவில்லை. நீங்களே செய்து பார்க்கலாம்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். செங்கல் தண்ணீரைக் குடித்து மேலே இழுக்கும், அதனால் கோடு இரண்டடியில் இருந்தாலும் ஈரம் அதைத் தாண்டி ஏறியிருக்கும். குடித்ததை வெளியே விட, தோராயமாக ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் ஆகும். எங்களுடையது ஒன்பது அங்குலச் சுவர். ஏழு நாளில் அதை உலர்த்தும் கெமிக்கல் எதுவும் இல்லை. காய்வதற்கு முன் மேலே பட்டியும் எமல்ஷனும் பூசினால் வழி அடைபடும். உள்ளே இருக்கும் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு மேல்பரப்புக்கு வரும், அங்கே தண்ணீர் உலர, உப்பு படிகமாகிப் பெயின்டையும் பூச்சையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

நான்கடி உயரத்துக்குப் பூச்சை மொத்தமாகக் கொத்தி எடுத்தார். "சுவரை அம்மணமா விடும்மா, வெயில் பாத்துக்கும்." ஏப்ரலில் கொத்தியது, கத்திரி வெயில் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்தோம். பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, வெளியே அள்ளிக் கொட்டச் சொன்னார். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடுமாம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "இன்னுமா முடியல?" என்று கேட்டார்கள். ஆகஸ்டில் பாலிதீன் தாள் வேர்க்காத பிறகுதான் பூச்சு வேலை தொடங்கினார். முதல் வருடம் சுண்ணாம்பு மட்டும். கூலியும் சாமானும் சேர்த்து 74,000 ஆனது. சுவர் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக் கடன் ஃபைலில் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி ஒன்று இருப்பதை என் வீட்டுக்காரர் பொங்கல் கழித்துத்தான் கண்டுபிடித்தார். 2021 ஏப்ரலில் வந்த இந்தப் பொதுப் பாலிசியில் வெள்ளமும் அடக்கம். சர்வேயர் வந்து கேட்டார், நனைந்த சாமான் எங்கே, படம் எங்கே, செலவு பில் எங்கே? எங்களிடம் இருந்தது பதினொரு படம், அதிலும் ஆறு மங்கல். கிடைத்தது சொற்பம். ஆகவே எதையும் வெளியே போடும் முன் அளவு டேப்பைச் சுவரில் பிடித்துப் படம் எடுங்கள், பாலிசி இருக்கிறதா என்று தேடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள், அவ்வளவுதான். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் வழிமுறையைப் பொறுமையாகச் சொன்னார்கள்: மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. எல்லாம் சரி, நோட்டீஸ் அனுப்ப எதிராளியின் விலாசம் வேண்டுமே! அந்த ஜிஎஸ்டி பில் மட்டும் இருந்திருந்தால், எண்ணை வைத்து அரசு இணையதளத்திலேயே பெயரும் இடமும் பார்த்திருக்கலாம். மிச்சம் பிடித்த 19,800 அங்கேதான் போனது.

அந்த விளம்பரத்துக்குக் கீழே, கொப்புளம் எழும்பிய சுவரின் படத்தைப் போட்டேன். பத்து நிமிடத்தில் அந்த நம்பர் குழுவை விட்டு வெளியேறிவிட்டது. உடனே ஏழெட்டுப் பேர் கொத்தனாரின் நம்பர் கேட்டார்கள். தருகிறேன், ஆனால் இந்த மழையில் கூப்பிட்டால் வரமாட்டார். நேற்று நானே கேட்டுப் பார்த்தேன். "சித்திரை பொறக்கட்டும்மா" என்றார்.