வசந்தப் பூக்களை வரைய: நீர்வண்ணமா, எண்ணெய் வண்ணமா?

கொடைக்கானல் வீட்டுக் கூடத்துக்கு, ஊதாப் பூ மரமான ஜெகரண்டா பூத்த சாலையை எதில் வரைவது என்று தயங்குபவர்களுக்காக.

பாணி: நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் தீட்டாமல் விட்ட தாள்தான், மஞ்சும் ஊதாவும் ஒன்றிலொன்று கரையும். எண்ணெய் வண்ணத்தில் இதழைத் தடிப்பாக அப்பலாம். காட்டுப்பூவரசின் (ரோடோடென்ட்ரான்) சிவப்புக்கு அதுவே பொருந்தும்.

உணர்த்தும் பொருள்: நீர்வண்ணத்தில் உதிரப்போகும் பூ, எண்ணெயில் கொண்டாட்டம். டச்சு ஓவியர் வான்கோ 1890இல் தம்பியின் பச்சைக்குழந்தைக்காகப் பாதாம் பூக்களை எண்ணெயில்தான் தீட்டினார்.

காய: நீர்வண்ணத்துக்கு அதிகம் போனால் சில மணி நேரம், எண்ணெய் முழுதும் உலர மாதங்கள்.

ஈரம்: இங்கே தாளில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், கண்ணாடிச் சட்டச் செலவும் சேரும். கேன்வாஸும் தப்பாது, ஆனால் மேற்பரப்பைத் துடைக்கலாம்.

மஞ்சுக்கால ஜெகரண்டாவுக்கு, உலர்ந்த நிழல் சுவர் இருந்தால் நீர்வண்ணம். வெயில் நேரே விழும் சுவரா? நீர்வண்ணம் சீக்கிரம் வெளுக்கும், எண்ணெய்க்கே போங்கள்.