டட்சன் 620: சூட்டில் முரண்டு பிடிக்கும் என் பிக்கப்

அரசின் புடி95 மானியத் திட்டத்தில் பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு இறங்கியதிலிருந்து ஈஜோக் ஊர் நண்பர் ஒருவருக்குப் பழைய பிக்கப் ஆசை வந்துவிட்டது. ஒரு டட்சன் 620 விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். அதே வண்டியில்தான் நான் பல வருடங்களாகப் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் வாழையிலைக் கட்டு ஏற்றிப் போகிறேன். போனில் சொல்லி முடிகிற கதையல்ல, அதனால் எழுதுகிறேன்.

விடியற்காலையில் இந்த வண்டியைக் குறை சொல்லவே முடியாது. சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் போதும், பிடித்துக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் முழுப் பாரத்தோடு முனகாமல் ஏறும். வினை தொடங்குவது ரவாங்கில். இரண்டு கட்டு இறக்கிப் பணம் வாங்க எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், பெட்ரோல் வாடை அடிக்கும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. பின்னால் ஈரச் சாக்குக்கு அடியில் இலை வாடிக்கொண்டிருக்கும், அடுத்த கடைக்காரர் போனில் கத்திக்கொண்டிருப்பார். எனக்கு ஆத்திரம் வருவது அந்த நேரத்தில்தான்.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். இதன் ஹிட்டாச்சி கார்புரேட்டரில், பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு கண்ணாடி ஜன்னல் உண்டு, பெட்ரோல் மட்டத்துக்கு அதில் கோடும் உண்டு. சூடான எஞ்சினை அணைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்து அதையே பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. சற்று நேரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பும், பிறகு பெட்ரோல் கொதிக்கும், மட்டம் கோட்டை விட்டுக் கீழே இறங்கும். என் வண்டியின் ஜே15 எஞ்சினில் புகைக் குழாயும் உள்ளிழுக்கும் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அடுப்பின் மேல் வைத்த பாத்திரம்தான் இந்தக் கார்புரேட்டர். வண்டி ஓடும்போது விசிறிக் காற்றும் புதிதாக வரும் பெட்ரோலும் அதைக் காப்பாற்றுகின்றன. நின்றதும் சூடு மேலே ஏறுகிறது, கொதித்த பெட்ரோல் ஜெட் என்ற சிறு துளை வழியாக வழிந்து எஞ்சினுக்குள் போய்விடுகிறது.

ஆக்டேன் கூடிய ரோன்97 பெட்ரோல் ஊற்றினால் சரியாகும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆக்டேன் எண் எஞ்சின் தட்டுவதைத் தடுக்கும். கொதிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மானியம் இல்லாத எண்ணெய்க்குக் காசு போவதுதான் மிச்சம்.

எங்கள் பட்டறை அண்ணன் சொன்னது செலவில்லாத வழி: "தம்பி, சூட்டில் ஆக்சிலேட்டர் மிதியை அடிக்காதே. தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பு." மிதியை அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே பீய்ச்சும். அழுத்திப் பிடித்தால் வால்வு முழுதாகத் திறந்து காற்று புகுந்து, தேங்கியதை வெளியேற்றும். முக்கால்வாசி நேரம் இதற்கே பிடித்துவிடுகிறது.

மீதிக்குக் கொஞ்சம் கைவேலை. கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைக் கடத்தாத தடித்த பேக்லைட் கட்டை வைத்தேன். அதற்கு நீளமான போல்ட்டும் இரு பக்கமும் புதுக் கேஸ்கட்டும் வேண்டும், ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய விளம்பரப் பலகையின் அலுமினியத் தகட்டை வெட்டி, புகைக் குழாய்க்கும் கிண்ணத்துக்கும் இடையே மறைப்பாகக் கட்டினேன். பெட்ரோல் குழாயைச் சூடான பகுதியிலிருந்து தள்ளி ஓட்டினேன். தொல்லை பாதிக்கு மேல் குறைந்தது. மத்தியான வெயிலில் இன்னும் ஒழியவில்லை.

என்னை உண்மையிலேயே கொதிக்க வைத்தது ஓர் உதிரிபாகக் கடை. அசல் என்று சொல்லி விற்ற கார்புரேட்டர் பழுதுபார்க்கும் கிட்டில் பம்பு ரப்பர் சில வாரங்களில் பெட்ரோலில் ஊறிப் பருத்துச் சிக்கிக்கொண்டது. ஊசி வால்வும் சரியாக அடைக்கவில்லை. கிண்ணம் நிரம்பி வழிந்து பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலந்தது. எண்ணெய்க் குச்சியை முகர்ந்தபோதுதான் தெரிந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் தேய்ந்து பெரிய செலவில் போய் நின்றிருக்கும். கடைக்காரர் கிட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் என் கைக்கு எட்டாத பாகம் இல்லை. தீப்பொறிக்கான பாயிண்ட் கருகினால் நைசான உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்தால் ஓடும். பெட்ரோல் பில்டர் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். நடுரோட்டில் நின்றாலும் ஸ்பேனரும் திருப்புளியும் இருந்தால் வீடு வந்து சேரலாம், கணினியைச் செருகிப் பார்க்க யாரையும் தேட வேண்டியதில்லை. புடி95-இன் மாத ஒதுக்கீடும் என் ஓட்டத்துக்குப் போதும்.

இத்தனையும் சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அவர் வீடு வீடாக எரிவாயுத் தோம்பு (சிலிண்டர்) போடுகிறவர். நாள் முழுக்க நிறுத்தி நிறுத்தி எடுக்கும் தொழிலுக்கு இந்த வண்டி சத்தியமாக ஒத்து வராது. கேட்கமாட்டேன் என்றால் உச்சி வெயிலில் போய் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கட்டும், அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து அந்தக் கண்ணாடி ஜன்னலைப் பார்க்கட்டும். காலையில் வந்து பாருங்கள் என்று விற்பவர் சொன்னால் விலையே பேச வேண்டாம்.