பவர் சப்ளை சாமான் வாங்குறவங்க ஜாக்கிரதை, எனக்கு 187 வெள்ளி போச்சு

இன்னும் கோபம் ஆறல. நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில கப்பாசிட்டர் (கரண்ட்டைச் சேர்த்து வெச்சு விடுற சாமான்) ஒண்ணு வெடிச்சது. படிவம் நாலு படிக்கிற மகன் பக்கத்துல குனிஞ்சு நின்னான். மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சது. போனது 187 மலேசிய வெள்ளி. எதையெல்லாம் பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

செய்ய நெனச்சது வேணுங்கற வோல்ட்டுக்குத் திருகி வெச்சுக்கற சின்ன பவர் சப்ளைதான். எல்லாரும் செய்யற எல்எம்317 சர்க்கிட்: வீட்டு கரண்ட்டை 15 வோல்ட்டா இறக்க டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியா மாத்த நாலு டயோடு, அதைச் சீராக்கப் பெரிய கப்பாசிட்டர், அப்புறம் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற 317 சிப். வழக்கமா கோலாலம்பூர் புடு ஜாலான் பாசார் கடைகள்ல கையில எடுத்துப் பார்த்துதான் வாங்குவேன். செந்தூல்ல இருந்து சனிக்கிழமை ஜாம்ல யார் போறதுன்னு சோம்பல். போன்ல ஒரு ஆன்லைன் சந்தையில 'முழு செட்'னு ஒண்ணு கிடைச்சது.

விக்கிறவனுக்கு மெசேஜ் போட்டா தமிழ்ல பதில். "அண்ணே, நம்ம கடைன்னு நெனச்சுக்குங்க." அங்கேயே பாதி விழுந்துட்டேன். டிரான்ஸ்பார்மர் நெசமாவே 3 ஆம்பியர் தாங்குமான்னு கேட்டேன். மீட்டர் வெச்சு 16 வோல்ட் காட்டுற வீடியோ அனுப்பினான். கரண்ட் இழுக்க லோடு எதுவும் மாட்டாம வோல்ட் மட்டும் காட்டுறது ஒரு சோதனையா? எனக்கே தெரியும். தெரிஞ்சும் தலையாட்டினேன்.

பார்சல் வந்த அன்னைக்கே அடுத்த மெசேஜ்: "அண்ணே, பொருள் கிடைச்சிருச்சுன்னு அமுக்கி விடுங்க, பணம் சீக்கிரம் வந்தா உதவியா இருக்கும்." நம்ம பையன் பாவம்னு, பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே அமுக்கிட்டேன். அதுவரைக்கும் சந்தை பிடிச்சு வெச்சிருந்த 187 வெள்ளி அந்த நிமிஷமே அவன் கைக்கு மாறிருச்சு.

நேத்துதான் ஈயம் வெச்சு ஒட்டி முடிச்சோம். 317ல திருகியை எந்தப் பக்கம் திருப்பினாலும் வோல்ட் அசையல, 1.25 வரைக்கும் இறங்கணும். என்னடான்னு பார்க்கும்போதே 'டப்'. மேசை பூரா புகை, அலுமினியத் தாள் துணுக்கு. வீட்டுக்காரி மெயின் சுவிட்சையே அடைச்சிட்டா.

மிச்சம் இருந்த கப்பாசிட்டர்ல ஒண்ணை எடுத்து நீல உறையைக் கத்தியால கீறினேன். வெளியே 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் வரை தாங்கும்னு அச்சு. உள்ளே சுண்டுவிரல் மொத்தத்துல இன்னொரு கப்பாசிட்டர், அதுல 16 வோல்ட்னு போட்டிருக்கு! 15 வோல்ட் ஏசியோட உச்சம் அதைவிட அதிகம், டயோடு தாண்டி கப்பாசிட்டருக்கு வந்தா 20 வோல்ட் கிட்ட நிக்கும். வெடிக்காம என்ன செய்யும்? டிரான்ஸ்பார்மரை மாவு நிறுக்கிற தராசுல வெச்சேன், 310 கிராம். 15 வோல்ட்ல 3 ஆம்பியர் கொடுக்கிற, அதாவது 45 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்பார்மர் ஒரு கிலோ கிட்டயாவது கனக்க வேணாமா?

படம் எடுத்து அனுப்பினேன். "நீங்க வயரை மாத்திக் கொடுத்திருப்பீங்க." அப்போ 'அண்ணே' காணோம். கத்தியால வெட்டின படத்தைக் காட்டினா, "பொருளைச் சேதப்படுத்தினா கேரண்டி இல்ல." சந்தையோட உதவி மையத்துல முதல்ல ரோபோ, அப்புறம் ஒரு ஆள், அப்புறம் வேற ஆள். மூணு பேர்கிட்ட இருந்தும் ஒரே பதில்: நீங்களே ஆர்டரை முடிச்சிட்டீங்க, இனி ஒண்ணும் செய்ய முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்னா மனுவுல எதிராளி முகவரி கேட்பாங்க. இவன் கடைப் பக்கத்துல ஒரு பேர் மட்டும்தான் இருக்கு. 187 வெள்ளி!

சரி, விவரமா எழுதப் பொறுமை இல்ல. சோதிச்சுப் பார்க்காம 'கிடைச்சது' அமுக்காதீங்க. டிரான்ஸ்பார்மரைத் தராசுல வெச்சு எடை பாருங்க. முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது கப்பாசிட்டருக்கு நேரா முகத்தை வைக்காதீங்க, பிள்ளைங்களைத் தள்ளி நிக்க வைங்க. தமிழ்ல பேசறான்னு நம்பாதீங்க.

இப்போ போய்ப் பார்த்தேன். அதே செட், 179 வெள்ளின்னு விலையைக் குறைச்சுப் போட்டிருக்கான்.