லேபிளில் இல்லாத வேர்க்கடலை

பழைய வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோட்டுக்குப் பின்னாடி சந்துல இருக்கிற பாய் கடைக்கு 5 ஸ்டார். அங்க வாங்கின சாக்லேட் ஐஸ்கிரீம் டப்பாவுக்கு பூஜ்யம்.

என் பையனுக்கு 7 வயசு. வேர்க்கடலை ஆகவே ஆகாது. அதனால எந்த டப்பாவையும் திருப்பிப் படிக்காம வாங்க மாட்டேன். இது பால் கொழுப்புக்குப் பதிலா பாமாயில்ல செஞ்சது, அதனால ஐஸ்கிரீம்னு போடாம ஃப்ரோசன் டெசர்ட்னுதான் போட்டிருந்தாங்க. அதுல எனக்குக் குறையில்ல. பால் இருக்கு, சோயா இருக்குன்னும் போட்டிருந்தாங்க. வேர்க்கடலைன்னு ஒரு வார்த்தை இல்ல.

ரெண்டாவது ஸ்பூன்லயே "நாக்கு அரிக்குதும்மா"ன்னான். அஞ்சு நிமிஷத்துல உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. ஆட்டோ பிடிச்சு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடையில ஊசி போட்டு, ராத்திரி முழுக்க பக்கத்துலயே வச்சுப் பார்த்தாங்க. வீட்டுக்கு வந்து டப்பாவைக் கிளறினா, அடியில பொடிச்ச கடலை.

கம்பெனிக்கு போன் போட்டேன். "வேற டப்பா அனுப்புறோம் மேடம்"ங்கிறாங்க. எனக்கு எதுக்கு டப்பா? அந்த பேட்ச் முழுக்கக் கடையிலிருந்து திரும்ப எடுக்கணும், அதான் கேட்டேன். வேர்க்கடலை இருந்தா லேபிள்ல தனியா சொல்லியே ஆகணும்னு 2020 விதி இருக்கு. ஆபத்தான சரக்கைத் திரும்பப் பெற 2017லயே விதி வந்தாச்சு. அமெரிக்காவுல 2025ல ப்ளூ பெல் கம்பெனி ஒரு ஐஸ்கிரீமை வேற வகையோட டப்பாவுல அடைச்சிட்டாங்க. பாதாம், வால்நட், பீக்கன்னு கொட்டைங்க இருக்கிறது டப்பாவுல இல்லைன்னு அவங்களே அறிவிச்சுத் திரும்ப வாங்கினாங்க. தப்பு எங்கயும் நடக்கும். நடந்ததும் ஊருக்குச் சொல்லணும், அவ்வளவுதான் என் கோபம்.

அந்தக் கம்பெனி செய்யாததை பாய் செஞ்சார். நான் பேட்ச் நம்பரைக் காட்டினதும் ஒரு கேள்வி கேக்கல. ஃப்ரீசர்ல இருந்த 11 டப்பாவையும் வெளிய எடுத்து, விக்கக் கூடாதுன்னு எழுதிக் கட்டி வச்சார். யார் யார் வாங்கினாங்கன்னு யோசிச்சு யோசிச்சு, நம்பர் இருந்தவங்களுக்கெல்லாம் போன் போட்டார். "அந்த வீட்லயும் பசங்க இருக்கும்மா"ன்னார். கண்ணாடியில கொட்டை எழுத்துல ஒரு பேப்பரும் ஒட்டினார். அதைப் படிச்சுட்டு நாலு பேர் வாங்காமப் போனாங்க, அப்பவும் கிழிக்கல.

கடை சின்னது, உக்கார இடம் இல்ல, சாயங்காலம் கூட்டம் இடிக்கும். இருந்தாலும் இப்பவும் அங்கதான் வாங்குறேன். போன வாரம் பையன் எலுமிச்சை குச்சி ஐஸ் கேட்டான். பாய் கண்ணாடியைப் போட்டு, கவரைத் திருப்பி ஒரு தடவை முழுசா படிச்சுட்டுத்தான் அவன் கையில கொடுத்தார்.